பாட்டிக்குத் திறக்காத மூடி

நீராவி எஞ்சினுக்கு வரலாறு உண்டு. மின்விளக்குக்கு உண்டு. மருந்துப் புட்டியின் மூடிக்கு என்ன வரலாறு இருந்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அதுவும் சாதாரண வரலாறு அன்று. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்தது ஒரு பிளாஸ்டிக் மூடி. அதே மூடிதான், தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ள முடியாமல் எத்தனையோ முதியவர்களைப் பக்கத்து வீட்டார் வரும்வரை காத்திருக்க வைத்தது. ஒரே பொருள் எப்படி இரண்டையும் செய்தது என்பதைப் பார்ப்போம்.

பொருளை அடைத்து வைப்பவர் ஒருவர், திறப்பவர் வேறொருவர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தகர டப்பாவில் உணவை அடைத்துக் காக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் காப்புரிமை பெற்றது 1810இல். டப்பாவைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்றது 1858இல்! இடைப்பட்ட 48 ஆண்டுகள் மக்கள் என்ன செய்தார்கள்? உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தார்கள். அப்படித் திறக்குமாறு டப்பாவின் மீதே அச்சிட்டும் இருந்தார்கள். கப்பற்படை மாலுமிக்கு அது பெரிய காரியமில்லை. வீட்டில் தனியே இருக்கும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள்.

திறப்பதை எளிதாக்கும் முயற்சிகள் பின்னர் வந்தன. 1858ஆம் ஆண்டிலேயே ஜான் மேசன் கண்ணாடி ஜாடிக்குத் திருகு மூடி அமைத்தார். 1892இல் வில்லியம் பெய்ண்டர் சோடாப் புட்டிகளுக்கு நாம் இன்றும் காணும் நெளிவிளிம்புத் தகர மூடியைக் கண்டுபிடித்தார். 1959இல் எர்மல் ஃப்ரேஸ் என்ற ஒஹையோ மாநிலப் பொறியாளர் உல்லாசப் பயணம் சென்ற இடத்தில் திறப்பான் இல்லாமல் தவித்தார். அதன் விளைவாக, டப்பாவின் தலையிலேயே ஒரு சிறு வளையத்தைப் பொருத்தி இழுத்துத் திறக்கும் முறையை உருவாக்கினார். இவை அனைத்திலும் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. அந்த வளையத்தின் அடியில் நகத்தை நுழைத்து நெம்ப வேண்டும். விரல் மூட்டு வீங்கியவருக்கு அந்த ஒரு நெம்புதலே மலையாகிவிடும்.

திருகுவதில் உள்ள கணக்கு

ஒரு மூடியைத் திருகும்போது என்ன நடக்கிறது? கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் எதிர்ப்பக்கமும் மூடியைப் பற்றுகின்றன. இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் தள்ளுகின்றன. இதைத்தான் இயற்பியலில் இரட்டை என்கிறோம். மூடியின் விட்டம் 4 செ.மீ. எனக் கொள்வோம். அதைத் தளர்த்த 1 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டும் எனவும் கொள்வோம். இரட்டையின் திருப்புத்திறன் என்பது விசையை விட்டத்தால் பெருக்கிய தொகை. ஆகவே ஒவ்வொரு பக்கமும் மூடியின் விளிம்பையொட்டி 25 நியூட்டன் விசை வேண்டும்.

இதோடு கணக்கு முடியவில்லை. விளிம்பையொட்டிய விசை எங்கிருந்து வருகிறது? உராய்விலிருந்து. உராய்வு வேண்டுமானால் மூடியை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். தோலுக்கும் மூடிக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்றால் 50 நியூட்டன் அழுத்தம் தேவை. ஏறத்தாழ 5 கிலோகிராம் எடை. குணகம் 0.25 ஆகக் குறைந்தால் அழுத்தம் 100 நியூட்டன் ஆக வேண்டும். வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பு குறைகிறது. விரல் நுனித் தோல் உலர்ந்து வழுக்குகிறது. ஆகவே அதிகமாக அழுத்திப் பிடிக்க வேண்டியவர் முதியவர்தாம். ஆனால் பிடியின் வலிமை நடுவயதைக் கடந்தபின் குறைந்துகொண்டே போகிறது. தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது! மூடியின் விளிம்பில் வரிவரியாகப் பள்ளங்கள் வெட்டுவதும், வீடுகளில் ஈரத்துணியையோ ரப்பர் வளையத்தையோ சுற்றித் திருகுவதும் இந்த உராய்வை உயர்த்தத்தான்.

ஊறுகாய், பழக்கூழ் ஜாடிகளில் இன்னொரு தொல்லை உண்டு. சூடாக அடைத்து மூடுவதால், ஆறியபின் உள்ளே அழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. மூடியின் விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. உள்ளே அரை வளிமண்டல அழுத்தமே இருந்தால், மூடியின் தலைமேல் ஏறக்குறைய 14 கிலோகிராம் எடை உட்கார்ந்திருப்பதாகப் பொருள். கரண்டிக் காம்பை விளிம்பில் நுழைத்து இலேசாக நெம்பினால் 'உஸ்' என்ற ஓசையுடன் காற்று உள்ளே போகிறது. மூடி பூப்போலத் திரும்புகிறது. பாட்டிமார் இதை டாரிசெல்லியின் உதவியின்றியே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

விண்ட்ஸர் நகரத்து மருத்துவர்

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஆரஞ்சுச் சுவையூட்டிய குழந்தைகள் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. கசப்பு மாத்திரையைத் துப்பிவிடும் குழந்தை, இனிப்பு மாத்திரையை விடுமா? புட்டியைத் தேடிப் பிடித்து முழுவதையும் தின்றுவிடும். 1950களிலும் 1960களிலும் சிறு குழந்தைகளின் நச்சு விபத்துகளுக்கு ஆஸ்பிரினே பெருங்காரணமாக இருந்தது.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டி விண்ட்ஸர் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனையில் ஹென்றி புரோ என்பவர் குழந்தை மருத்துவத் துறைக்கும் நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் தலைவராக இருந்தார். மாத்திரைகளைத் தின்ற குழந்தைகளின் இரைப்பையைக் கழுவி வெளியேற்றுவது அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்றாகிவிட்டது. பெற்றோருக்கு அறிவுரை சொன்னார். மருந்தை உயரத்தில் வையுங்கள், பூட்டி வையுங்கள் என்றார். குழந்தைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அறிவுரையால் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

விண்ட்ஸர் வாகனத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அச்சு வார்க்கும் பட்டறைகளுக்கு அங்கே குறைவில்லை. அவற்றுள் ஒன்றின் தலைவரான பீட்டர் ஹெட்ஜ்விக் புரோவின் கோரிக்கையை ஏற்றார். 1967இல் ஒரு மூடி உருவாயிற்று. 'உள்ளங்கையால் அழுத்தித் திருப்பு' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார்கள்.

அதன் அமைப்பு எளியது. ஒன்றனுள் ஒன்றாக இரண்டு மூடிகள். உள்மூடியில் வழக்கமான மரை உண்டு. அது புட்டியின் கழுத்தில் இறுகியிருக்கிறது. வெளிமூடி அதன்மேல் தளர்வாக அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே பற்கள். ஆனால் பிளாஸ்டிக்கினாலேயே ஆன ஒரு சிறு வில் அமைப்பு அந்தப் பற்களைச் சேரவிடாமல் விலக்கி வைத்திருக்கிறது. வெறுமனே திருப்பினால் வெளிமூடி 'கடகட'வென்று சும்மா சுற்றும். கீழே அழுத்தினால் பற்கள் பொருந்தும். அழுத்தியபடியே திருப்பினால்தான் உள்மூடி அசையும். இரண்டு செயல்களை ஒரே நேரத்தில் இணைத்துச் செய்வது மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குக் கடினம். அழுத்தும், பிறகு திருப்பும்; அல்லது திருப்பும், பிறகு அழுத்தும். பூட்டாக இருப்பது மூடியின் வலிமை அன்று. அந்த வயதின் மூளை வளர்ச்சியே. இந்த மூடியில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த நுட்பந்தான்.

விளைவு வியப்பூட்டியது. விண்ட்ஸர் வட்டாரத்தில் குழந்தைகளின் நச்சு விபத்துகள் 91 விழுக்காடு குறைந்தன. 1974இல் ஒண்டாரியோ மாகாணம் இத்தகைய மூடியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 1970 டிசம்பர் 30ஆம் நாள், அமெரிக்காவில் நச்சுத்தடுப்புச் சிப்பமிடல் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. 1972இல் ஆஸ்பிரினுக்கும், 1974இல் மருத்துவர் சீட்டின்பேரில் தரப்படும் வாய்வழி மருந்துகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது.

சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் யார்?

ஒரு மூடி 'குழந்தைகளுக்குத் திறவாதது' என்று எப்படி முடிவு செய்வது? இதற்கு அமெரிக்கர்கள் வகுத்த சோதனை சுவையானது. 42 முதல் 51 மாதம் வரை வயதுள்ள 200 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, ஆபத்தில்லாத பொருள் அடைத்த புட்டியைக் கொடுத்து, 'இதைத் திறந்து தா' என்பார்கள். 5 நிமிட அவகாசம். பிறகு பெரியவர் ஒருவர் வாய் பேசாமல் திறந்து காட்டுவார். மீண்டும் 5 நிமிடம். பல்லால் கடித்தும் திறக்கலாம் என்றுகூடக் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுவார்கள்! காட்டித் தருவதற்குமுன் 85 விழுக்காட்டுக் குழந்தைகளும், காட்டியபின்னும் 80 விழுக்காட்டுக் குழந்தைகளும் தோற்க வேண்டும். தோற்றால்தான் மூடிக்கு வெற்றி.

பெரியவர்களால் திறக்க முடிய வேண்டுமே? அதற்கும் சோதனை உண்டு. 100 பேர், அவர்களுள் 70 பேர் பெண்கள். 5 நிமிடத்தில் 90 பேராவது திறந்து மூட வேண்டும். இங்கேதான் இடறல் நிகழ்ந்தது. அந்த 100 பேரின் வயது என்ன தெரியுமா? 18 முதல் 45 வரை.

ஒரு வெப்பமானியை 0 முதல் 45 பாகை வரை மட்டும் அளவு குறித்துவிட்டு, அதைக் கொதிநீரில் வைத்தால் என்ன ஆகும்? மருந்து மிகுதியாக உண்பவர்கள் முதியோர். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள், கை நடுங்குபவர்கள், நெஞ்சுவலிக்கு அவசரமாக மாத்திரை தேவைப்படுபவர்கள் அவர்களுள் அதிகம். அவர்கள் ஒருவரையும் கேளாமலே, 'பெரியவர்களால் திறக்க முடியும்' என்று சான்று தரப்பட்டது. இதில் யாருக்கும் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. குழந்தைகள் இறந்துகொண்டிருந்த நேரம். கண் முழுவதும் அங்கே இருந்தது. ஆனாலும் 45 என்ற எண்ணை எழுதிய கைக்குத் தன் தாயின் கை நினைவுக்கு வரவில்லை.

அழுத்தித் திருப்பும் மூடி ஒன்றே தொல்லை கொடுத்ததென்று எண்ண வேண்டாம். இன்னொரு வகையில் மூடியின் விளிம்பிலும் புட்டியின் கழுத்திலும் இரண்டு சிறு அம்புக்குறிகள் இருக்கும். அவற்றை நேருக்கு நேர் கொண்டுவந்து கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். அம்புக்குறிகள் பெரும்பாலும் மூடியின் நிறத்திலேயே புடைத்திருக்கும். வெள்ளையின்மேல் வெள்ளை! இருபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடைகிறது. கண்மணி சுருங்கிவிடுவதும் விழியாடி மஞ்சள் பாய்ந்துவிடுவதும் காரணம். அம்புக்குறியைத் தேடிக் காண்பதற்குள்ளேயே பாதிப் பொறுமை போய்விடும்.

சட்டம் ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருந்தது. நோயாளியோ மருத்துவரோ கேட்டால், மருந்துக் கடைக்காரர் சாதாரண மூடி போட்டுத் தரலாம். கடையில் நேராக விற்கும் பொருள்களில், ஏதாவது ஓர் அளவுப் புட்டியை, சிறு குழந்தைகள் இல்லாத வீடுகளுக்கானது என்று அச்சிட்டுச் சாதாரண மூடியுடன் விற்கலாம். சில புட்டிகளுக்கு இருபுற மூடிகள்கூட வந்தன. ஒரு புறமாகப் போட்டால் குழந்தைக்குத் திறவாது; தலைகீழாகப் போட்டால் எவருக்கும் திறக்கும்.

ஆனால் முதியவர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். மூடியை மூடாமலே வைத்தார்கள். அல்லது மாத்திரைகளை ஒரு கிண்ணத்திலோ பழைய டப்பாவிலோ கொட்டி வைத்தார்கள். விடுமுறைக்குப் பேரன் வருவான். கிண்ணம் கைக்கெட்டும் மேசைமேல் இருக்கும். முதியவரை வெளியே நிறுத்திய மூடி, சுற்றி வளைத்துக் குழந்தையையும் காக்காமல் விட்டது. தாத்தா பாட்டியின் மாத்திரைகளைப் பேரக்குழந்தைகள் தின்றுவிடுவது நச்சு மையங்களுக்குப் பழகிப்போன செய்தியாயிற்று.

இந்த மூடிகளால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்வியையே எழுப்பியவர்கள் உண்டு. பொருளியலறிஞர் கிப் விஸ்குசி 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். பாதுகாப்பு மூடி இருக்கிறது என்ற எண்ணமே பெற்றோரை அசட்டையாக்குகிறது. மூடுவது தொல்லை என்பதால் புட்டிகள் திறந்தே கிடக்கின்றன. எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை என்பது அவர் வாதம். மறுபக்கத்தில், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தைச் சேர்ந்த கிரிகரி ராஜர்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு, 1974 முதல் 1992 வரை வாய்வழி மருந்துகளில் மட்டும் சுமார் 460 குழந்தைகளின் மரணம் தவிர்க்கப்பட்டது என மதிப்பிட்டது. மரண விகிதம் எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 45 விழுக்காடு குறைந்திருந்தது. என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பவை அல்ல. மூடி காத்தது; மூடப்பட்டபோது காத்தது.

இதற்கிடையில் 1982இல் சிகாகோ வட்டாரத்தில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. கடையிலிருந்த டைலனால் வலிமருந்துக் குளிகைகளில் எவரோ சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்தனர். அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே, புட்டி முன்பே திறக்கப்பட்டிருந்தால் வாங்குபவருக்குத் தெரியும்படி முத்திரையிட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்தது. கழுத்தைச் சுற்றி இறுகிய பிளாஸ்டிக் உறை, வாயின் மேல் ஒட்டிய மென்தகடு என அடுக்குகள் சேர்ந்தன. காரணம் நியாயமானது. ஆனால் ஒவ்வோர் அடுக்கையும் கிழிக்க இன்னுமொரு நகம் வேண்டும்!

நம் ஊர் மருந்துக் கடைகளில் மாத்திரைகள் பெரும்பாலும் பட்டைகளாகவே வருகின்றன. இங்கே திருகும் தொல்லை இல்லை. அலுமினியத் தகட்டைக் கட்டைவிரலால் தள்ளி உடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயரும் காலாவதி நாளும் கடைக்காரரிடம் உள்ள பாதியில் தங்கிவிடுவது. எந்த மாத்திரை எதற்கு என்று நிறத்தை வைத்து நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்!

ஐம்பது வயதுக்காரர்கள் வந்தார்கள்

சோதனை விதியை மாற்றும் விவாதம் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்தது. அச்சுகளை மாற்றினால் செலவாகும் என்றார்கள் உற்பத்தியாளர்கள். முதியோருக்கு எளிதாக்கினால் குழந்தைக்கும் எளிதாகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சம் எங்கே பிழைபட்டது? மூடியைக் கடினமாக்கும் வழிகள் இரண்டு. கைவலிமையைக் கேட்பது ஒன்று. செயல்களை ஒருங்கிணைக்கும் அறிவைக் கேட்பது மற்றொன்று. வலிமையைக் கேட்டால் குழந்தையோடு முதியவரும் தோற்பார். அறிவைக் கேட்டால் குழந்தை மட்டும் தோற்கும். ஆகவே வில்லின் விறைப்பைக் குறைத்து, மூடியை அகலமாக்கி, விளிம்பில் நல்ல பிடிப்புக் கொடுத்தாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும்.

1995 ஜூலையில் புதிய விதி வெளியாயிற்று. 18 முதல் 45 வயது என்பது போய், 50 முதல் 70 வயது வரையுள்ள 100 பேர் சோதனைக்கு வந்தார்கள். அவர்களுள் பாதிப்பேர் 60 வயதைத் தொட்டவர்களாக இருக்க வேண்டும். முதலில் 5 நிமிடம். அதில் தேர்ந்தவர்கள் இரண்டாம் முறை 1 நிமிடத்துக்குள் திறந்து சரியாக மூட வேண்டும். 90 விழுக்காட்டினர் வென்றாக வேண்டும். குழந்தைகளுக்கான கட்டுப்பாடு தளரவே இல்லை. உற்பத்தியாளர்களுக்கு அவகாசம் தந்து, 1998 தொடக்கத்திலிருந்து இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உலோக டப்பாக்களுக்கும் அழுத்திப் பீய்ச்சும் கலங்களுக்கும் மட்டும் பழைய வயதுவரம்பே நீடித்தது. 75 வயதுக்காரரும் 80 வயதுக்காரரும் இச்சோதனையிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

திறப்பதோடு வேலை முடிகிறதா? திறந்தது சரியான புட்டிதானா? நியூயார்க்கில் டெபோரா ஆட்லர் என்ற வடிவமைப்பு மாணவியின் பாட்டி, தவறுதலாகத் தாத்தாவின் மருந்தை உண்டுவிட்டார். பெயர்கள் ஏறக்குறைய ஒன்று. புட்டிகளோ ஒரே மாதிரி. ஆட்லர் அதையே தம் ஆய்வுப் பொருளாக்கினார். தட்டையான முகப்பில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிற வளையத்தைக் கழுத்தில் மாட்டிய புட்டியை வடிவமைத்தார். 2005இல் டார்கெட் என்ற பெரும் கடைத்தொடர் அதை ஏற்றது. பத்தாண்டுகள் கழித்து அந்த மருந்துக் கடைகள் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியபின் அந்தப் புட்டி மறைந்துவிட்டது. அதற்குப் பழகிவிட்ட முதியவர்கள் வருந்தியதில் வியப்பில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டின் ஆணையால் மருந்துப் பெட்டிகளின்மேல் பெயரைப் பிரெயில் புள்ளிகளிலும் பொறிக்கச் செய்தது. எளிதில் திறக்கும் தன்மைக்கென்றே உலகத் தர அமைப்பு 2015இல் ஒரு தரவரையறை வெளியிட்டது.

முதியோர் தொகை மிகுந்த ஜப்பான் இதில் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. அங்கே ஷாம்பூவும், தலை அலசியபின் பூசும் திரவமும் ஒரே வடிவப் புட்டிகளில் விற்கப்பட்டன. கண் தெரியாதவர்களிடமிருந்து முறையீடுகள் வந்தன. தலைக்கு நுரை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர் எவருக்கும் அதே நிலைதானே? காவோ நிறுவனம் 1991இல் ஷாம்பூப் புட்டியின் பக்கவாட்டில் மட்டும் வரிசையாகச் சிறு மேடுகள் அமைத்தது. தடவினால் தெரியும். அந்த அமைப்பின் உரிமையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் மற்ற நிறுவனங்களும் பின்பற்ற விட்டது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியிட்டால் தடவிப் பார்ப்பவருக்கு என்ன பயன்? இன்று ஜப்பானியக் குளியலறைகளில் எந்த நிறுவனத்தின் புட்டியானாலும், மேடு தட்டுப்பட்டால் அது ஷாம்பூ.